ஜப்பானில் படிப்புக்கென்று ஒரு சாமி: தென்ஜின் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: "அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். மகள் அடுத்த வருடம் பொதுத்தேர்வு எழுதப் போகிறாள். அங்கே படிப்புக்கென்று ஒரு சாமி இருக்கிறதாமே, அது நம்ம சரஸ்வதிதானா? வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே போகலாமா, எப்படிக் கும்பிட வேண்டும், எந்தக் கோயிலுக்குப் போவது நல்லது? ஊரில் இருக்கும் அக்கா பிள்ளைகளுக்குக் கயிறு மாதிரி ஏதாவது வாங்கி வரலாமா?"

சரஸ்வதி இல்லை. சரஸ்வதியும் ஜப்பானில் இருக்கிறாள், ஆனால் அது வேறு கணக்கு. புத்த சமயத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவள், அங்கே பென்சைத்தென் என்று பெயர். கையில் வீணைக்குப் பதிலாக பிவா என்ற நரம்பு வாத்தியம் வைத்திருப்பாள். எனோஷிமா, சிகுபுஷிமா, மியாஜிமா என்று தண்ணீர் சூழ்ந்த இடங்களில்தான் அவளுக்குப் பேர்போன கோயில்கள். இசை, கலை, பேச்சுத்திறன் இவற்றோடு பணத்துக்கும் அவளைக் கும்பிடுகிறார்கள். காமகுராவில் அவள் பெயரில் உள்ள ஒரு கோயிலில், பெருகட்டும் என்று காசையும் நோட்டையும் ஊற்றுநீரில் கழுவி எடுத்துப் போவார்கள். பரீட்சை என்று வந்துவிட்டால் மட்டும் ஜப்பானியப் பிள்ளைகள் அவளிடம் அவ்வளவாகப் போவதில்லை. அவர்கள் போவது தென்ஜின் என்ற சாமியிடம்.

இந்தத் தென்ஜின் ஒரு காலத்தில் மனிதராக வாழ்ந்தவர். பெயர் சுகவாரா நோ மிச்சிசானே. பிறப்பு 845, இறப்பு 903. அவர் கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் கோயிலில் ஏன் எருது படுத்திருக்கிறது, ஏன் எங்கு பார்த்தாலும் பிளம் மரம், ஏன் 25ஆம் தேதிக்கு அவ்வளவு மவுசு என்பதெல்லாம் புரியும். இல்லாவிட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் நடக்கும். அதனால் கும்பிடும் முறைக்கு முன்னால் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மிச்சிசானே பிறந்தது புலவர் குடும்பத்தில். ஆள்பலமோ பெரிய நிலபுலமோ இல்லாத குடும்பம், படிப்புதான் சொத்து. பதினொரு வயதில் நிலவொளியில் பூத்த பிளம் மரத்தைப் பற்றிச் சீன மொழியில் கவிதை எழுதினார் என்பார்கள். அன்றைய ஜப்பானில் அரசு எழுத்து முழுக்கச் சீன மொழியில்தான். 870இல் அந்தக் காலத்தின் மிகக் கடினமான அரசுத் தேர்வை எழுதித் தேறினார். 877இல் அன்றைய தலைநகரான கியோட்டோவின் கல்விக்கூடத்தில் இலக்கியப் பேராசிரியர் ஆனார். நடுவில் சில வருடங்கள் சானுகி மாகாணத்துக்கு ஆளுநராகப் போய்வந்தார். இன்று ககாவா என்கிற பகுதி அது. 894இல் சீனாவின் தாங் அரசவைக்குத் தூதராகப் போகச் சொன்னபோது, அங்கே நிலைமை சரியில்லை, இந்தத் தூது தேவையா என்று யோசியுங்கள் என மனு எழுதிக் கொடுத்தார். பயணம் நின்றுபோனது. 907இல் தாங் அரசே கவிழ்ந்தது. ஆள் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அன்று அரண்மனையில் ஃபுஜிவாரா குடும்பத்தார் வைத்ததுதான் சட்டம். பேரரசர் உதாவுக்கு அவர்கள் பிடி பிடிக்கவில்லை. அதனால் மிச்சிசானேயைத் தூக்கிவிட்டார். 899இல் வலப்புற அமைச்சர் பதவி கிடைத்தது. அதற்கு மேலே இடப்புற அமைச்சராக இருந்தவர் ஃபுஜிவாரா நோ தொகிஹிரா, வயதில் மிகவும் இளையவர். வெறும் வாத்தியார் குடும்பத்துக்காரன் இவ்வளவு உயரம் வந்தால் விடுவார்களா? உதா அரியணையைத் துறந்து, மகன் தைகோ பேரரசராக இருந்த நேரம். மிச்சிசானே அரசரை மாற்றச் சதி செய்கிறார் என்று வத்தி வைத்தார்கள். 901இல், பெயருக்கு ஒரு பதவியைக் கொடுத்து, கியூஷூ தீவில் உள்ள தசாய்ஃபுவுக்கு அனுப்பிவிட்டார்கள். உண்மையில் அது நாடுகடத்தல். வளர்ந்த மகன்களை வெவ்வேறு திசைக்குத் துரத்தினார்கள். உதா ஓடிவந்து தடுக்கப் பார்த்தும் அரண்மனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது முற்றத்துப் பிளம் மரத்தைப் பார்த்து அவர் பாடிய பாட்டு ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கீழ்த்திசைக் காற்று வீசும்போது உன் மணத்தை அனுப்பிவை, பிளம் பூவே, தலைவன் வீட்டில் இல்லை என்று வசந்தத்தை மறந்துவிடாதே என்பது அதன் சாரம். அந்த மரம் பிரிவு தாங்காமல் ஒரே இரவில் பறந்து தசாய்ஃபுவுக்கே வந்துவிட்டது என்பது கதை. இன்றும் தசாய்ஃபு கோயிலில் மூலக்கட்டடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் அந்த மரத்தைக் காட்டுவார்கள். பறந்து வந்த பிளம் என்றே அதற்குப் பெயர். கோயில் வளாகத்தில் சுமார் 6,000 பிளம் மரங்கள் உண்டு, அவற்றில் முதலில் பூக்கும் மரங்களில் இதுவும் ஒன்று.

தசாய்ஃபுவில் வறுமை. ஒழுகும் கூரை, கூட வந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சரியான சாப்பாடு இல்லை, உடம்புக்கும் முடியவில்லை. அங்கே எழுதிய கவிதைகளைத் தொகுத்துத் தலைநகரில் இருந்த நண்பர் கி நோ ஹசேயோவுக்கு அனுப்பிவைத்துவிட்டு, 903ஆம் ஆண்டு இரண்டாம் மாதம் 25ஆம் நாள் இறந்தார். உடலை ஏற்றிய வண்டியை இழுத்துப் போன எருது வழியில் ஓரிடத்தில் படுத்துக்கொண்டது. எவ்வளவு அடித்தும் எழவில்லை. சரி, அவர் விருப்பம் இதுதான் என்று அங்கேயே புதைத்தார்கள். அந்த இடத்தில் 919இல் எழும்பிய கோயில்தான் இன்றைய தசாய்ஃபு தென்மாங்கு. ஜப்பான் முழுவதும் தென்ஜின் கோயில்களில் எருது படுத்த நிலையில் இருப்பதற்கு இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

எருதுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. அவர் பிறந்தது சீன நாட்காட்டியில் எருது ஆண்டு. மற்றது நமக்குச் சுவாரசியமானது. பிற்பாடு அவருக்குக் கொடுத்த முழுப் பட்டம் தென்மான் தைஜிசாய் தென்ஜின். தைஜிசாய்தென் என்பது புத்த நூல்களில் மகேசுவரனுக்கு ஜப்பானில் வழங்கும் பெயர். வெள்ளை எருதின் மேல் வருபவராகவே அவரை வரைவார்கள். அந்தத் தொடர்பில்தான் எருது வந்து ஒட்டிக்கொண்டது என்ற கருத்து ஆராய்ச்சியாளர்களிடம் உண்டு. ஆக, சரஸ்வதியைத் தேடிப் போன உங்களுக்கு அங்கே ரிஷபம் காட்சி கொடுக்கும்.

இதுவரை கேட்டதில் சாமி எங்கே வந்தது? இனிமேல்தான். அவர் செத்த பிறகு தலைநகரில் வரிசையாகச் சாவு. 909இல் தொகிஹிரா, முப்பத்தொன்பது வயதில். 923இல் பட்டத்து இளவரசர். அப்போதே பயந்துபோய், செத்தவருக்குப் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்து, நாடுகடத்திய ஆணையை ரத்து செய்தார்கள். அடங்கவில்லை. 930இல் அரண்மனை மண்டபத்தின் மேலேயே இடி விழுந்து, உள்ளே இருந்த அதிகாரிகள் கருகிச் செத்தார்கள். அதிர்ச்சியில் படுத்த பேரரசர் தைகோ அதே ஆண்டு கண்ணை மூடினார். அநியாயமாகச் செத்தவரின் ஆவி இடியாக வந்து பழிவாங்குகிறது என்று ஊரே நடுங்கியது. கியோட்டோவில் தஜிஹி நோ அயாகோ என்ற பெண்ணுக்கு அவர் அருள்வாக்குச் சொன்னார், தனக்குக் கித்தானோ என்ற இடத்தில் கோயில் வேண்டும் என்றார் என்பது வரலாறு. அங்கே ஏற்கெனவே இடி தெய்வத்துக்கு வழிபாடு இருந்தது. 947இல் கித்தானோ தென்மாங்கு எழுந்தது.

அநியாயமாகக் கொல்லப்பட்டவரைக் கும்பிட்டுச் சாந்தப்படுத்துவது மதுரை வீரனைக் கும்பிடும் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கோபம் தணியத் தணிய, ஆள் யார் என்பது மேலே வந்தது. 986இலேயே யோஷிஷிகே நோ யசுதானே என்ற அறிஞர் அவரை எழுத்தின் மூதாதை, கவிதை உலகின் தலைவர் என்று போற்றி எழுதிவிட்டார். 993இல் அரசவை அவருக்கு மிக உயர்ந்த அமைச்சர் பதவியை, இறந்து தொண்ணூறு வருடம் கழித்து, கொடுத்தது. எதோ (Edo) காலம் என்று சொல்லும் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் நம் திண்ணைப் பள்ளிக்கூடம் போல ஊரூருக்கு நடந்த சிறுவர் பள்ளிகளில் தென்ஜின் படத்தை மாட்டி, கையெழுத்து அழகாக வர வேண்டும் என்று பிள்ளைகள் கும்பிட்டார்கள். பழிவாங்கும் ஆவி பள்ளிக்கூடத்துச் சுவரில் ஏறியது இப்படித்தான். இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 12,000 கோயில்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

சரி, எந்தக் கோயில்? நீங்கள் எந்த ஊரில் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதற்காக மட்டும் விமானம் பிடித்துக் கியூஷூ போக வேண்டியதில்லை.

டோக்கியோவில் இருந்தால் யுஷிமா தென்ஜின். மெட்ரோவில் சியோதா பாதையில் யுஷிமா நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், உவேனோ பூங்காவிலிருந்தும் நடந்தே வரலாம். நேராகச் செங்குத்தாக ஏறும் படிக்கட்டுக்கு ஆண் ஏற்றம், பக்கத்தில் சாய்வாகப் போவதற்குப் பெண் ஏற்றம் என்று பெயர். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆணோ பெண்ணோ இரண்டாவதில் ஏறுங்கள். தென்ஜினை இங்கே குடிவைத்தது 1355இல். இப்போதுள்ள மரக்கட்டடம் 1995இல் கட்டியது. டோக்கியோ பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால் பரீட்சைக் கூட்டத்துக்கு இதுதான் தலைமையிடம். ஒரு எச்சரிக்கை: ஒச்சானோமிசு நிலையத்துக்குப் பக்கத்தில் யுஷிமா செய்தோ என்று இன்னொன்று இருக்கிறது. அது 1690இல் அங்கே அமைந்த கன்ஃபூசியஸ் கோயில். அதுவும் படிப்போடு சம்பந்தப்பட்டதுதான், அங்கேயும் பிள்ளைகள் வருகிறார்கள், ஆனால் தென்ஜின் கோயில்களைப் போல ஜப்பானின் சொந்தச் சமயமான ஷின்டோவின் கோயில் இல்லை. மேப்பில் யுஷிமா என்று தட்டிவிட்டு அங்கே போய் நின்று எருதைத் தேடும் சுற்றுலாப் பயணிகளைப் பார்க்கலாம்.

கியோட்டோ போகிறீர்கள் என்றால் கித்தானோ தென்மாங்குதான். என்னைக் கேட்டால் மூன்றில் இதுவே அழகு. இப்போதுள்ள மூலக்கட்டடம் 1607இல் தொயொதோமி ஹிதெயோரி கட்டிக் கொடுத்தது, தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. வளாகமெங்கும் எருதுச் சிலைகள், கல்லிலும் வெண்கலத்திலும். தலையைத் தடவினால் புத்தி, உடம்பில் வலிக்கிற இடத்தை எருதின் உடம்பில் தடவினால் குணம் என்பது நம்பிக்கை. தடவித் தடவி நெற்றியும் மூக்கும் மட்டும் மெருகேறிப் பளபளக்கும், முதுகு அப்படியே மங்கலாக இருக்கும். வடமேற்கு மூலையில் தேய்ந்துபோன பழைய கல் எருது ஒன்று உண்டு, அதனிடம் ஒரே ஒரு வேண்டுதல்தான் வைக்கலாம். இத்தனை எருதுகளும் படுத்திருக்க, மூலக்கட்டடத்தின் மரச் செதுக்கலில் ஒரே ஒரு எருது மட்டும் நின்றுகொண்டிருக்கும். மகளிடம் தேடச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதி கோயிலைச் சுற்றிப் பெரிய சந்தை கூடும். பழைய கிமோனோ, பீங்கான், பொரித்த தின்பண்டம் எல்லாம் கிடைக்கும். டிசம்பர் 25 வருடத்தின் கடைசிச் சந்தை, அன்று கியோட்டோவில் இருந்தால் தவறவிடாதீர்கள். கெய்ஃபுகு ட்ராமில் கித்தானோ ஹகுபாய்சோ நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் போதும்.

தசாய்ஃபுவுக்கு ஃபுகுவோகா நகரத்திலிருந்து நிஷிதெத்சு ரயிலில் போக வேண்டும், ஃபுத்சுகாய்ச்சியில் மாறணும், மொத்தம் அரை மணி நேரப் பயணம். நிலையத்திலிருந்து கோயில்வரை கடைத்தெரு. உமேகாயே மோச்சி என்று அரிசி மாவுக்குள் சிவப்புப் பயறு இனிப்புப் பூரணம் வைத்து இரும்பு அச்சில் சுடச்சுடச் சுட்டுத் தருவார்கள். மேலே பிளம் பூ முத்திரை இருக்கும், உள்ளே பிளம் இருக்காது. முட்டையோ கறியோ கிடையாது, சைவக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடலாம், ஜப்பானில் இந்த வாக்கியத்தைச் சொல்லும் வாய்ப்பு அடிக்கடி வராது. உள்ளே குளத்தின் மேல் மூன்று பாலங்கள், கடந்தகாலம், நிகழ்காலம், வருங்காலம். முதல் பாலத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது, இரண்டாவதில் நிற்கக் கூடாது, மூன்றாவதில் தடுக்கி விழக் கூடாது என்பார்கள். வளைவுப் பாலம் மழையில் வழுக்கும், ஆகவே மூன்றாவது விதியை மூன்று பாலத்துக்குமே வைத்துக்கொள்ளுங்கள். 1591இல் கட்டிய மூலக்கட்டடத்தில் 2023இல் மூன்றாண்டுத் திட்டமாகப் பெரும் பழுதுபார்ப்பு தொடங்கியது. அந்த வேலைக் காலத்துக்கென்று, கூரை மேல் மரங்கள் வளரும் ஒரு தற்காலிக மண்டபத்தைக் கட்டடக் கலைஞர் சொவ் ஃபுஜிமோதோ வடிவமைத்தார். எது திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் கோயிலின் இணையதளத்தில் பாருங்கள்.

இப்போது கும்பிடும் முறை. வெளிநாட்டுக்காரர், வேற்று மதத்தவர் என்று யாரும் தடுக்க மாட்டார்கள், நுழைவுக் கட்டணமும் இல்லை. தோட்டத்துக்கும் பொக்கிஷக் கூடத்துக்கும் மட்டும் சில இடங்களில் டிக்கெட் உண்டு. தோரிஈ என்ற வாசல் வளைவுக்கு முன்னால் நின்று லேசாகத் தலைகுனிந்துவிட்டு உள்ளே போகவும். பாதையின் நட்டநடுவில் நடக்காமல் ஓரமாக நடப்பது மரியாதை, நடு சாமிக்கு. செருப்பைக் கழற்ற வேண்டாம். நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் வாசலிலேயே கழற்றிவிட்டு டிசம்பர் குளிரில் கருங்கல்லில் வெறுங்காலோடு நிற்பார்கள், பாவமாக இருக்கும். கட்டடத்துக்குள் ஏறும்போது மட்டும் கழற்றினால் போதும்.

வழியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். வலக்கையில் அகப்பையை எடுத்து முதலில் இடக்கை, கை மாற்றி வலக்கை, மறுபடி வலக்கையில் பிடித்து இடது உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வாய் கொப்பளித்து, இடக்கையை இன்னொரு தடவை கழுவி, கடைசியில் அகப்பையை நிமிர்த்திப் பிடித்து மிச்சத் தண்ணீர் கைப்பிடி வழியாக வழிய விட வேண்டும். இவ்வளவுக்கும் ஒரே அகப்பைத் தண்ணீர். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது, கொப்பளித்ததைத் தொட்டிக்குள் துப்பக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல கோயில்களில் அகப்பையை எடுத்துவிட்டு மூங்கில் குழாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், அங்கே கையைக் கழுவினால் போதும்.

சந்நிதி முன்னால் மரப்பெட்டி இருக்கும், காசைப் போடுங்கள். 5 யென் நாணயம் போடுவது வழக்கம், கட்டாயமில்லை. மணி இருந்தால் கயிற்றை ஆட்டலாம். பிறகு இடுப்பு வளைய இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கைகூப்பி மனத்துக்குள் வேண்டிக்கொண்டு, கடைசியில் ஒரு முறை குனிய வேண்டும். யார், எந்த ஊர் என்று பெயரும் முகவரியும் சொல்லி ஆரம்பிப்பது அங்கேயும் பழக்கம்தான், தமிழிலேயே சொல்லுங்கள். உள்ளே விக்கிரகம் தெரியாது. கண்ணாடியோ வெண்காகிதத் தொங்கலோதான் கண்ணில் படும், அதற்கு அப்பால் இருப்பதை மூடியே வைத்திருப்பார்கள். தீபாராதனை, தீர்த்தம், விபூதி ஒன்றும் கிடையாது, பிராகாரம் சுற்றும் வழக்கமும் இல்லை. பூவும் தேங்காயும் வாங்கிக்கொண்டு போய் எங்கே கொடுப்பது என்று விழிக்க வேண்டாம். இன்னொன்று, வீட்டில் சாவு நடந்து ஐம்பது நாள் ஆகாதவர்கள் ஷின்டோ கோயிலுக்குப் போவதில்லை. தீட்டு விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதற்கு மேல் வேண்டுமென்றால் கட்டணப் பூஜை இருக்கிறது. அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுத்தால் உள்ளே உட்காரவைத்து, பூசாரி வெண்காகிதக் கோலைத் தலைக்கு மேல் அசைத்து, பழைய ஜப்பானிய மொழியில் வேண்டுதலை வாசிப்பார். நடுவில் உங்கள் பெண்ணின் பெயர் அவர் உச்சரிப்பில் வரும், சிரிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். பெரிய கோயில்களில் பெரும்பாலும் 5,000 யென்னிலிருந்து ஆரம்பிக்கும். அவசியம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காசில் நல்ல மதியச் சாப்பாடு சாப்பிடலாம்.

நான் விடாமல் பார்க்கச் சொல்வது எமா மாட்டும் இடத்தைத்தான். எமா என்பது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய மரப்பலகை, வீட்டு முகப்பு மாதிரி ஐந்து மூலை, முன்பக்கம் படம், பின்பக்கம் வெற்று மரம். அதில் வேண்டுதலை எழுதிச் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். விலை 500 முதல் 1,000 யென்னுக்குள். யுஷிமாவில் டிசம்பரிலேயே ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கி, ஆணி தெரியாமல் புடைத்து நிற்கும், காற்றடித்தால் கடகடவென்று சத்தம். ஒரு பலகையில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எண் போட்டு ஐந்தாறு கல்லூரிப் பெயர்கள். பக்கத்திலேயே அம்மா கையெழுத்தில் ஒன்று, பிள்ளை பரீட்சையன்று காய்ச்சல் இல்லாமல் இருந்தால் போதும் என்று. மருத்துவம், செவிலியர், ஓட்டுநர் உரிமம்கூட உண்டு. மொபைலை மேலே காட்டினால் மொழிபெயர்த்துத் தரும், ஆனால் பேரும் முகவரியும் தெரிகிற பலகைகளைப் போட்டோ எடுத்து இணையத்தில் போடாதீர்கள். உங்கள் மகளும் தமிழில் ஒன்று எழுதி மாட்டட்டும். முழு முகவரி வேண்டாம், பெயரும் ஊரும் போதும்.

கூட்டம் ஏன் டிசம்பரிலேயே தொடங்குகிறது என்றால், அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் ஆரம்பம். நாடு முழுவதற்குமான பொது நுழைவுத்தேர்வு ஜனவரி நடுவில். அதை எழுதியவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் இரண்டாம் தேர்வின் முதல் சுற்று தொடங்குவது பிப்ரவரி 25. மேலே சொன்ன 25ஆம் தேதி ஞாபகம் வருகிறதா? கித்தானோவில் அதே நாளில்தான் அவர் நினைவாகப் பிளம் பூத் திருவிழா நடக்கும். தேர்வுத் தேதி தற்செயலாக அமைந்ததுதான், ஆனாலும் அன்று ஹாலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது தெரிந்தால் கொஞ்சம் தெம்பு வரும். உங்கள் பயணத்துக்கு நான் சொல்வது இது: ஜனவரி 1 முதல் 3 வரை எந்தத் தென்ஜின் கோயில் பக்கமும் போகாதீர்கள். புத்தாண்டு வழிபாட்டுக் கூட்டமும் பரீட்சைக் கூட்டமும் சேர்ந்து, சந்நிதிக்குப் போகவே பல மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டிவரும். டிசம்பர் 26இலிருந்து 30க்குள் ஒரு நாள் காலையில் போய்விடுங்கள். பிளம் பூ பார்க்கக் கிடைக்காது, பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் பூக்கும். யுஷிமாவின் பிளம் விழா பிப்ரவரி 8 முதல் மார்ச் 8 வரை.

ஒமிகுஜி என்ற குறிச்சீட்டு எடுப்பதைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். பெட்டியிலிருந்து ஒரு சீட்டு, மகா நல்லது முதல் கெட்டது வரை பல படிகள். படிப்பு, பயணம், உடல்நலம் என்று தனித்தனியாக எழுதியிருக்கும். கெட்டது வந்தால் அங்கே கட்டியிருக்கும் கம்பியில் சீட்டை முடிந்துவிட்டு வந்துவிடலாம். பரீட்சைக்கு முன்னால் பதற்றப்படுகிற பெண் என்றால் அவளை எடுக்கவிடாமல் இருப்பதே நல்லது, அப்பா எடுக்கட்டும்.

கடைசியாக, அக்கா பிள்ளைகளுக்கு. நீங்கள் கயிறு என்று கேட்டதற்கு அங்கே உள்ளது ஒமமோரி, சின்னப் பட்டுப் பை, உள்ளே மந்திரம் எழுதிய காகிதமோ மரச்சில்லோ. பிறருக்கு வாங்கிக் கொடுப்பதில் தவறே இல்லை, ஜப்பானில் தாத்தா பாட்டிகள் வாங்கிப் பேரப்பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்புகிறார்கள். இரண்டு வகை கேட்டு வாங்குங்கள். ஒன்று படிப்பு நன்றாக வர, மற்றது குறிப்பிட்ட பரீட்சையில் தேற. பத்தாவது, பன்னிரண்டாவது எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது, சின்னப் பிள்ளைகளுக்கு முதலாவது. கோயில் பென்சிலும் விற்பார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள், கட்டாயம் பிரிப்பார்கள். புத்தகப் பையிலோ பென்சில் பெட்டியிலோ வைத்துக்கொள்ளலாம். ஒரு வருடம் ஆனதும் வாங்கிய கோயிலிலேயே திருப்பிக் கொடுப்பதும், தேறியவர்கள் நன்றி சொல்ல மறுபடி வருவதும் வழக்கம். ஊரிலிருந்து அதற்காக யாரும் வர முடியாது, சில கோயில்கள் பழையதைத் தபாலிலும் வாங்கிக்கொள்கின்றன, வாங்கும்போதே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.